வருவது யார்?

நமக்கு ஒரு நண்பர் உண்டு. நண்பருக்கு ஒரு புதல்வன் உண்டு. புதல்வனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கல்லூரியில் கணிதம் படிக்கும் அந்தப் பிள்ளை, விடுமுறை நாட்களில் மற்றப் பிள்ளைகளைப் போல் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவதில்லை. வீட்டுக் கூடத்துக்கே சமுத்திரத்தைக் கொண்டு வந்துவிடுகிறான். தரை முழுவதும் சாக்குக் கட்டியால் கட்டங்கள். கட்டங்களின் மேல் அட்டையில் வெட்டிய கப்பல்கள். கூடத்தின் நடுவே, தகப்பனாரின் பழைய எட்டு முழ வேஷ்டி ஒன்று திரையாகத் தொங்குகிறது. திரைக்கு இப்பால் ஒரு கட்சி, அப்பால் மற்றொரு கட்சி. பிள்ளையாண்டான் பகடையையும் தடித்த அட்டவணைப் புத்தகம் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய் வருகிறான். அவன்தான் மத்தியஸ்தன். அவன் சொல்லுவதே சட்டம். அவன் காட்டுவதே உலகம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்தச் சமுத்திரத்தில் நாமும் காலை நனைத்தோம். அதன் பயனாக அன்றிரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் நேயர்களிடம் சொல்லப் போகிறோம்.

அட்டைக் கப்பலை வைத்துக்கொண்டு பெரியவர்கள் விளையாடுவதாவது என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்த விளையாட்டு நம் பிள்ளையாண்டான் கண்டுபிடித்ததல்ல. 1887-ஆம் வருஷமே அமெரிக்காவில் நியூபோர்ட் என்னுமிடத்திலுள்ள கப்பற்படைக் கல்லூரியில் மக்கார்ட்டி லிட்டில் என்பவர் இதைப் பாடமாக்கிவிட்டார். இங்கிலாந்தில் பிரெட் ஜேன் என்ற சித்திரக்காரர் 1898-இல் ஒரு கப்பற் போர் விளையாட்டை வெளியிட்டார். அதே வருஷத்தில் உலகத்திலுள்ள போர்க் கப்பல்களின் உருவங்களையெல்லாம் திரட்டி ஒரு புத்தகமும் போட்டார். அடிப்பதற்கு முன் அடிபடப்போகிறவன் யார் என்று அடையாளம் தெரிய வேண்டாமா? ஆட்டமும் படப் புத்தகமும் ஒன்றாகப் பிறந்தது வெறும் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நியூபோர்ட் கல்லூரியின் தரையில் ஜப்பானோடு நூற்றுக்கு மேற்பட்ட தடவை போர் நடந்தது. பிற்பாடு நிஜமாகவே ஜப்பானோடு போரிட்ட அட்மிரல் நிமிட்ஸ், அந்த ஆட்டங்களில் பார்த்திராத புதுமை எதுவும் யுத்தத்தில் நேரவில்லை என்றும், விமானத்தோடு தானும் கப்பல் மேல் வந்து மோதிய ஜப்பானிய வீரர்கள் மட்டுமே அதற்கு விலக்கு என்றும் சொல்லியிருக்கிறார். 1942-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் காப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரும், கப்பற்படையில் சேர்ந்திருந்த இளம் பெண்கள் சிலரும் இதே போலத் தரையில் கோடு போட்டு, ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் வித்தையைக் கப்பல் தலைவர்களுக்குக் கற்பித்தார்கள். அங்கேயும் திரை இருந்தது. திரையிலுள்ள துவாரத்தின் வழியாகத் தம் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பார்க்கலாம். நீர்மூழ்கி போன வழியைப் பச்சைச் சாக்குக் கட்டியால் போடுவார்களாம். திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நிறம் புலப்படாது.

இந்த விவரங்களைக் கேட்டபின் நண்பரின் வேஷ்டியை ஏளனமாகப் பார்ப்பதை நாம் விட்டுவிட்டோம்.

ஆட்டத்துக்கு வருவோம். நமக்கு ஒரு சிறிய போர்க் கப்பல் அளிக்கப்பட்டது. இடம் ஒரு குறுகிய வளைகுடா. அதன் கரைகளிலுள்ள இரண்டு தேசங்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. நமக்கு இருவரும் பகைவரல்ல. எண்ணெய்க் கப்பல்களுக்குத் தீங்கு வராமல் காவல் காப்பது நம் வேலை. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளை ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தான். எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்ற கட்டளை அதில் இருந்தது.

இதை எல்லாக் கப்பற்படைகளிலும் சுமார் மூன்று படிகளாக வைத்திருக்கிறார்கள் என்று அவன் விளக்கினான். முதற் படி: உன்னைத் தாக்கினாலொழியச் சுடாதே. இரண்டாம் படி: எதிரி என்று நிச்சயமாகத் தெரிந்தவனை மட்டும் சுடு. மூன்றாம் படி: நம்மவன் என்று நிச்சயமாகத் தெரியாத எவனையும் சுடலாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காதால் கேட்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஆனால் நம்மவனும் அல்லாத, எதிரியும் அல்லாத ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படியில் அவன் பிழைத்தான். மூன்றாம் படியில் அவன் செத்தான். உலகத்தில் பெரும்பான்மை ஜனங்கள் நம்மவரும் அல்லர், எதிரிகளும் அல்லர் என்பதை நினைக்கும்போது இது சாமான்ய வித்தியாசமாகத் தோன்றவில்லை.

நமக்குக் கிடைத்தது இரண்டாம் படி. ஆனால் காகிதத்தின் அடியில் மற்றொரு வரியும் இருந்தது: "கப்பலைக் காப்பது தலைவரின் கடமை." எல்லாக் கட்டளைகளிலும் இந்த வரி உண்டாம்.

இரவு ஒன்பது மணி என்று பிள்ளை அறிவித்தான். நம் பக்கத்துக் கட்டத்தில் ஒரு மஞ்சள் வில்லையைக் கொண்டு வந்து வைத்தான். மஞ்சள் என்றால் இன்னார் என்று தெரியாத விமானம். நம்மை நோக்கி வந்தது. "யார் நீ?" என்று வானொலியில் கேட்டோம். பதிலில்லை. மறுபடி கேட்டோம். பதிலில்லை. யாரோடும் நமக்குப் பகையில்லையே, பெரிய மனிதத்தனமாக இருப்போம் என்று பேசாதிருந்தோம். பிள்ளை பகடையை உருட்டினான். "மாமா, இரண்டு ஏவுகணை உங்கள் கப்பலில் பட்டுவிட்டது. முப்பத்தேழு பேர் போய்விட்டார்கள்" என்றான். நமக்குச் சுருக்கென்றது. அட்டைக் கப்பல்தான், இருந்தாலும் சுருக்கென்றது. திரைக்கு அப்பாலிருந்து நண்பர் சிரித்தது வேறு எரிச்சலாக இருந்தது.

"இன்னொரு ஆட்டம் போடு" என்றோம்.

இந்தத் தடவை பெரிய கப்பலாகக் கொடுத்தான். பகல் பத்து மணி. ஒரு கரையிலுள்ள தேசத்தின் சிறு படகுகள் நம்மீது சுடுகின்றன, நாமும் சுடுகிறோம். அந்தச் சமயத்தில் அதே கரையிலிருந்து மஞ்சள் வில்லை ஒன்று கிளம்பிற்று. கேட்டோம், பதிலில்லை. எச்சரித்தோம், பதிலில்லை. வில்லை நேராக நம்மை நோக்கி நகர்ந்தது. முதல் ஆட்டத்தில் போன முப்பத்தேழு பேரும் நம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். "சுடு!" என்றோம். அடித்தது. பிள்ளை வில்லையைத் திருப்பிப் போட்டான். அதன் அடிப்புறத்தில் பென்சிலால் ஒரு பிரயாணி விமானம் வரைந்திருந்தது. பக்கத்தில் ஓர் எண்: 290.

கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. நண்பர்கூடத் திரையை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது உன் கற்பனைதானே, தம்பி?" என்று கேட்டோம்.

"இரண்டும் நடந்தது, மாமா. இரண்டும் ஒரே வளைகுடாவில், பதினாலு மாதத்துக்குள்ளே" என்றான்.

ஈரானும் இராக்கும் எட்டு வருஷம் போரிட்ட காலம் அது. 1987 மே 17-ஆம் தேதி இரவு, பாரசீக வளைகுடாவில் காவலிருந்த ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பலை நோக்கி இராக்கிய விமானம் ஒன்று வந்தது. இராக் அப்போது அமெரிக்காவுக்குப் பகையல்ல. கப்பல்காரர்கள் இரண்டு முறை வானொலியில் விசாரித்தார்கள். மறுமொழி இல்லை. இரண்டு ஏவுகணைகள் வந்து பாய்ந்தன. முதலாவது வெடிக்காவிட்டாலும் அதன் எரிபொருளே கப்பலைக் கொளுத்திற்று. முப்பத்தேழு மாலுமிகள் மாண்டார்கள். தவறுதலாக நேர்ந்துவிட்டது என்று இராக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஆக, அடிபட்டவருக்கு வருகிறவன் யாரென்று தெரியவில்லை. அடித்தவனுக்கும் அடிபட்டவர் யாரென்று தெரியவில்லை. கப்பல் தலைவர் தாமதித்துவிட்டார் என்று அவர்மேல் பழி விழுந்து, அவர் பதவியையும் இழந்தார். அதன்பின் வளைகுடாவுக்குப் போகும் தலைவர்களுக்கு, அடி விழும் வரையில் காத்திருக்க வேண்டாம், எதிரியின் எண்ணம் தெரிந்தாலே போதும் என்று வற்புறுத்திச் சொல்லப்பட்டது. நியாயமான கட்டளைதான். ஆனால் எண்ணத்தை எப்படிக் காண்பது? அது ராடார் திரையில் விழுவதில்லையே!

1988 ஜூலை 3. வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க் கப்பல் ஈரானியப் படகுகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அப்போது அது ஈரானுக்குச் சொந்தமான கடல் எல்லைக்குள் இருந்தது என்பதை அமெரிக்கர்கள் பல வருஷங்களுக்குப் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டார்கள். காலை 10-17க்கு பந்தர் அப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஈரான் ஏர் 655 என்ற பிரயாணி விமானம் துபாய்க்குக் கிளம்பிற்று. அந்த நிலையம் போர் விமானங்களுக்கும் பொது. 10-24க்கு வின்சென்ஸ் இரண்டு ஏவுகணைகளை விட்டது. ஏழு நிமிஷம், நம் வீடுகளில் ஒரு காப்பி கலக்கிக் குடித்து முடிவதற்குள் ஆகும் நேரம். 290 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அறுபத்தாறு பேர் குழந்தைகள். இறந்தவர்களில் பத்துப் பேர் இந்தியர்கள்.

இதில் நம்மை மலைக்க வைக்கும் விஷயம் என்னவென்றால், வின்சென்ஸ் சாதாரணக் கப்பல் அல்ல. ஏஜிஸ் என்ற புதிய யந்திர அமைப்பைத் தாங்கியது. நூறு கோடி டாலர் அளவில் விலை பெற்றது. ஒரே சமயத்தில் வானத்தில் வரும் எத்தனையோ பொருள்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்க வல்லது. அந்தக் கப்பலின் கணக்கு யந்திரம் பொய் சொல்லவில்லை. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்றே அது பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் இருட்டறையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் "இறங்குகிறது, இறங்குகிறது" என்று கூவினார்கள். ஏறுகிற விமானம் பிரயாணி விமானம். இறங்கி வருகிற விமானம் குண்டு போடுகிற விமானம். பின்னால் விசாரணை நடத்திய அட்மிரல் போகார்ட்டியின் அறிக்கை இந்த விந்தையை ஆராய்ந்து, அங்கே இருந்தவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அதையே கண்டார்கள் என்ற கருத்துக்கு வந்தது. பேய் உண்டென்று நினைத்துக்கொண்டு இருட்டில் போனவனுக்கு வேப்பமரமே பேயாகத் தெரிந்த கதைதான். வேப்பமரத்தை யாரும் ஏவுகணை கொண்டு அடிப்பதில்லை என்பதே வித்தியாசம்.

இங்கே வானத்தில் வருகிறவன் யார் என்று அறியும் வித்தையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின் தொடக்கத்தில் இங்கிலீஷ்காரர்கள் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து விமானங்களில் வைத்தார்கள். கீழேயிருந்து ரேடியோ அலை ஒன்று போய், "நீ யார்?" என்று கேட்கும். பெட்டி தானாகவே குறிப்பிட்ட முறையில் பதில் சொல்லும். சரியான பதில் வந்தால் நம்மவன். சரி, பதில் வராவிட்டால்? அவன் எதிரியாக இருக்கலாம். பெட்டி பழுதாகியிருக்கலாம். விமானி விசையைத் திருப்ப மறந்திருக்கலாம். யுத்தமே இன்னதென்று அறியாத வழிப்போக்கனாகவும் இருக்கலாம். இந்தப் பெட்டி நண்பனைத்தான் காட்டிக் கொடுக்கும், பகைவனைக் காட்டாது. எத்தனையோ புதுமைகள் சேர்ந்த பிறகும் இந்த அடிப்படைக் குறை மாறவில்லை.

வின்சென்ஸ் கப்பலில் நேர்ந்ததோ இன்னும் விசித்திரம். பிரயாணி விமானம் தனக்குரிய எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் பறந்தது. ஆனால் கேள்வி கேட்கும் யந்திரத்தின் குறி, விமானம் கிளம்பிய நிலையத்தின் மீதே நின்றுவிட்டது. விமானம் நகர நகரக் குறியையும் நகர்த்த வேண்டியவர் நகர்த்தவில்லை. அந்த நிலையத்தில் தரையில் நின்ற ஏதோ ஒரு ராணுவ விமானத்தின் பதில் வந்து, பறந்துகொண்டிருந்த பாவப்பட்ட பிரயாணி விமானத்தின் தலையில் ஏறியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. கூப்பிட்ட பெயருக்கு வேறொருவன் "உள்ளேன் ஐயா" சொன்னதைப் போன்றது இது. பள்ளிக்கூடத்தில் அதனால் ஒருவரும் சாவதில்லை.

எச்சரிக்கை செய்யவில்லையா என்றால், செய்தார்கள். பல முறை செய்தார்கள். அவற்றில் ஏழு, பிரயாணி விமானங்களில் கேட்கவே முடியாத ராணுவ அலைவரிசையில் போயின. மற்றவற்றைக் கேட்டிருந்தாலும், "இன்ன வேகத்தில் இன்ன திசையில் வரும் விமானமே" என்ற விளி தம்மைத்தான் குறிக்கிறது என்று ஏறுமுகத்தில் மும்முரமாக இருந்த விமானிக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மற்றொன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அந்த இருட்டறையில் ஒருவர் பிரயாணி விமானங்களின் கால அட்டவணையை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஆகா, சரியான காரியம்! ஆனால் 655 அன்று இருபத்தேழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. போதாக்குறைக்கு வளைகுடாவில் ஒவ்வொரு கரைக்கும் ஒரு கடிகாரக் கணக்கு. பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் விளக்கு மங்குகிறது. அட்டவணையில் இருந்த விமானம் அவர் கண்ணில் படவில்லை. நம் ஊர் ரயில்வே கால அட்டவணையில் நல்ல பகல் வெளிச்சத்தில் வண்டி தேடிக் களைத்தவர்கள் அந்த மனிதர்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சற்றுத் தூரத்தில் நின்ற சைட்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கக் கப்பலின் தலைவர் டேவிட் கார்ல்சன் அதே விமானத்தைத் தம் ராடாரில் பார்த்தார். அதனால் ஆபத்தில்லை என்று தீர்மானித்தார். அவரிடம் ஏஜிஸ் இல்லை. படகுச் சண்டையும் இல்லை. ஒரே வானம், ஒரே விமானம், ஒரே கப்பற்படையின் ஒரே விதிகள். இரண்டு தலைவர்கள், இரண்டு தீர்ப்புகள். விதி காகிதத்தில் இருக்கிறது; அதைப் படிக்கிற மனிதனுக்கு அன்று காலையில் என்ன நடந்தது, சென்ற வருஷம் அவன் தோழர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் காகிதத்தில் இல்லை. ஸ்டார்க் கப்பலின் முப்பத்தேழு பேர் வின்சென்ஸ் தலைவரின் தோளுக்குப் பின்னாலும் நின்றிருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. நம் தோளுக்குப் பின்னால் அட்டையில் செத்தவர்களே வந்து நிற்கவில்லையா?

அவர்களுக்காகப் பரிதாபப்படுவது வேறு, நடந்ததைச் சரி என்பது வேறு. அமெரிக்க சர்க்கார் யாரையும் தண்டிக்கவில்லை. வின்சென்ஸ் தலைவருக்குப் பதவிக் காலச் சேவைக்காக 1990-இல் பதக்கம் ஒன்றும் வழங்கிற்று. 1996-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6 கோடி 18 லட்சம் டாலர் கொடுத்தது. பணத்தைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தையையும் கொடுத்திருந்தால் கஜானா ஒன்றும் காலியாகிவிடாது.

சொந்தக்காரனையே சுட்டுக்கொள்ளும் கதைகளும் குறைவில்லை. 1943 ஜூலை 11 இரவு, சிசிலித் தீவில் இறங்கியிருந்த தங்கள் படைக்குத் துணையாக அமெரிக்கர்கள் 144 விமானங்களில் பாரசூட் வீரர்களை அனுப்பினார்கள். சுட வேண்டாம் என்று கப்பல்களுக்கும் கரைப் படைக்கும் தகவல் போயிருந்தது. போக வேண்டிய எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. சற்று முன்புதான் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. முதலில் வந்த விமானங்கள் சௌக்கியமாகவே ஆட்களை இறக்கின. அதன்பின் எங்கோ ஒரு துப்பாக்கி சுட்டது. அவ்வளவுதான், கடலிலும் கரையிலும் இருந்த துப்பாக்கிகளெல்லாம் சேர்ந்துகொண்டன. 23 விமானங்கள் விழுந்தன. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1944-இல் நார்மண்டிக்குப் போன விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக வர்ணம் பூசினார்கள். மகா விஞ்ஞானப் பெட்டிகளெல்லாம் செய்ய முடியாததை ஒரு வாளிச் சுண்ணாம்பு செய்யும் என்று நம்பினார்கள் போலும்.

பசிபிக் சமுத்திரத்தில் வேறு தந்திரம். தாக்கிவிட்டுத் திரும்பும் அமெரிக்க விமானக் கூட்டத்தின் பின்னாலேயே ஜப்பானிய விமானமும் நுழைந்து கப்பல்கள் வரையில் வந்துவிடும். ஆகையால் கப்பற்படைக்கு வெகு தூரம் முன்னால் ஒரு காவற் கப்பலை நிறுத்தி, திரும்பி வரும் விமானங்கள் எல்லாம் அதைச் சுற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று விதித்தார்கள். சுற்றாதவன் அந்நியன். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுப்பவர் நிற்பது போலத்தான். யார் சந்தனம் வாங்காமல் நேரே பந்திக்குப் போகிறானோ அவன்மேல் ஒரு கண் வைக்க வேண்டும். 1942-இல் அமெரிக்கக் கப்பற்படை, அடையாளம் பழகுவதற்காக ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டதாம். சீட்டுக்கட்டில் ராஜா ராணிக்குப் பக்கத்தில் எதிரி விமானத்தின் நிழலுருவத்தை அச்சடித்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். சீட்டாட்டத்தால் உயிர் பிழைத்தவர்களும் இருந்திருப்பார்கள்!

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி காஷ்மீரில் புட்காம் அருகே நம்முடைய ஹெலிகாப்டர் ஒன்றை நம்முடைய ஏவுகணையே வீழ்த்திற்று. நம் விமானப்படை வீரர் ஆறு பேரும், தரையில் நின்ற ஒருவரும் மாண்டார்கள். அன்று எல்லையில் பாகிஸ்தான் விமானங்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வருவதெல்லாம் எதிரி என்று தோன்றும் நேரம். அது நம் பெருந் தவறு என்று அந்த வருஷம் அக்டோபரில் விமானப்படைத் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வார்த்தை கசப்பானது. ஆயினும் அதைச் சொன்னதற்காக நாம் தலை குனிய வேண்டியதில்லை. 2020 ஜனவரி 8-ஆம் தேதி டெஹ்ரான் நகரிலிருந்து கிளம்பிய உக்ரேனியப் பிரயாணி விமானம் ஒன்றை ஈரானியப் படையே ஏவுகணை என்று மயங்கி வீழ்த்திற்று. 176 பேர் இறந்தார்கள். 655-ஐ இழந்து கண்ணீர் விட்ட தேசம் அது! 2024 டிசம்பர் 22-ஆம் தேதி செங்கடலில் கெட்டிஸ்பர்க் என்ற அமெரிக்கக் கப்பல் தன் சொந்தப் போர் விமானத்தையே சுட்டது. நல்ல வேளையாக விமானிகள் இருவரும் பிழைத்தார்கள். கெட்டிஸ்பர்க்கும் வின்சென்ஸும் ஒரே வகுப்புக் கப்பல்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு விளையாட்டின் மேலேயே நமக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எல்லா ஆட்டத்திலும் இப்படிப் பிரயாணி விமானம் வருமா, தம்பி?" என்று கேட்டோம். அவன் கொஞ்சம் வெட்கத்துடன் சிரித்தான். அநேக ஆட்டங்களில் வானத்தில் இரண்டே ஜாதிதான்; நம்மவர், எதிரிகள். வழிப்போக்கர்களைச் சேர்த்தால் ஆட்டம் மந்தமாகிவிடுகிறது, ஒவ்வொரு வில்லைக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது, விளையாட வந்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அவர்களை நீக்கிவிடுகிறார்களாம். கணக்கு யந்திரத்தில் ஆடும் ஆட்டங்களில் அவர்களைச் சேர்க்க இடமிருக்கிறது. அவர்களை வீழ்த்தினால் சில புள்ளிகள் குறையும்.

சில புள்ளிகள்! கூடத்தில் விளையாடும் பிள்ளைகளோடு போனால் பாதகமில்லை. ஆனால் மாலுமிகளைப் பழக்குவதும் இத்தகைய ஆட்டங்கள்தானே? ஏஜிஸ் யந்திரமே, பரந்த சமுத்திரத்தில் ரஷ்யர்களின் ஏவுகணைகள் மழையாக வந்தால் என்ன செய்வது என்று எண்ணி அமைத்தது. அந்தச் சமுத்திரத்தில் துபாய்க்குப் பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்கள் கிடையாது. மழையை எதிர்பார்த்துப் பழகிய கை, ஒற்றைத் துளியைக் கண்டதும் குடையை விரித்துவிட்டது. நூறு ஆட்டத்தில் தொண்ணூற்றொன்பது ஆட்டம், வந்த மஞ்சள் வில்லை ஒன்றும் செய்யாமல் தலைக்கு மேலாகப் போய்விட வேண்டும். விளையாடுகிறவருக்குச் சலிப்புத் தட்ட வேண்டும். அப்போதுதான் அந்தப் பழக்கத்தால் பயன் உண்டு என்பது நம்முடைய அபிப்பிராயம். நாம் கப்பற்படை நிபுணர் அல்ல. ஆனால் ஒரு மணி நேரத்தில் இரண்டு கப்பல்களின் தவறுகளையும் செய்து முடித்தவர் என்ற முறையில் இதைச் சொல்லும் பாத்தியதை நமக்கு உண்டு.

"மூன்றாவது ஆட்டம் போடலாமா, மாமா?" என்று பிள்ளை கேட்டான்.

இந்தத் தடவை உட்காருமுன் இரண்டு நிபந்தனை போட்டோம். விமானக் கால அட்டவணை நம் கையில் வேண்டும். கூடத்து விளக்கைப் போட வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தான், கடிகாரத்தை மட்டும் எந்தக் கரையின் கணக்குப்படி வைத்திருக்கிறான் என்று சொல்ல மறுத்துவிட்டான். மஞ்சள் வில்லை வந்தது. கேட்டோம், பதிலில்லை. அட்டவணையைப் புரட்டினோம். அந்த நேரத்துக்கு ஒரு விமானமும் இல்லை. அதற்கு அரைமணி முன்னால் ஒன்று இருந்தது. வில்லை இரண்டு கட்டம் நெருங்கிற்று. உள்ளங்கை வேர்த்தது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டோம். ஏறுகிறது என்றான். "நன்றாகப் பார்த்துச் சொல்" என்றோம். மறுபடி பார்த்தான், ஏறுகிறது என்றான். சுடவில்லை. வில்லை நம் கப்பலின் மேலேயே ஏறி அப்பால் சென்று, சாக்குக் கட்டிக் கோட்டைத் தாண்டி, நண்பர் வீட்டுச் சமையலறை வாசற்படியை அடைந்தது.

"யாரப்பா அது?" என்று கேட்டோம்.

பிள்ளை வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "போனவர் யார் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், மாமா" என்றான். நண்பரின் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தார். வெகு நேரம் வரையில் எங்கள் இருவர் கண்ணும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தன.